காம்பராவில் இரண்டு வேதாகமங்கள்

அப்பாயி இறந்த இரவில், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், முன் திண்ணையான இஸ்தோப்பில் நாற்பது பேரளவில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் பக்கத்து உறவினர் கத்தோலிக்கர். அம்மாவின் பக்கத்தார் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். யாரோ ஒருவர் ‘பரமண்டல ஜெபம் சொல்லுவோம்’ என்றதும் எல்லாரும் ஒரே குரலில் ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கினார்கள். அடுத்த வரியிலேயே அந்தக் குரல் பிளந்தது. அம்மா பக்கத்தார் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்றபோது, அப்பா பக்கத்தார் ‘அர்ச்சிக்கப்படுவதாக’ என்றார்கள். அதைக் கடந்து மீண்டும் ஒன்றுகூடி, அன்றன்றைய அப்பத்தைக் கேட்டு முடித்த பிறகு, மறுபடியும் பிரிந்தோம். ஒரு பாதிப்பேர் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று சொல்ல, மற்றப் பாதிப்பேர் ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று சொன்னார்கள்.

அன்று நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரே சாமியிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேறு காரியங்களைக் கேட்கிறோமே, அவர் எதைக் கொடுப்பார் என்ற கேள்வி அந்த இரவில் எனக்குள் வந்தது. அது இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் காம்பராவின், அதாவது லயத்து அறையின், ஒரே அலுமாரித் தட்டில் இரண்டு வேதாகமங்கள் இருந்தன. ஒன்று அம்மா தன் தகப்பனிடமிருந்து கொண்டுவந்த கறுப்பு அட்டைப் பழைய மொழிபெயர்ப்பு. மற்றது 1995இல் வெளிவந்து, சில ஆண்டுகளுக்குப் பின் கோவிலில் அப்பாவுக்குக் கிடைத்த ‘திருவிவிலியம்’. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் புதிய மொழிபெயர்ப்பில் அதே வரியைத் தேடினேன். அங்கே கடனும் இல்லை, பாவமும் இல்லை. ‘எங்கள் குற்றங்களை மன்னியும்’ என்று இருந்தது.

கடன், பாவம், குற்றம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. கடன் என்று சொல்லும்போது கடவுள் கணக்கைக் கிழித்துப் போடக்கூடிய ஒருவராக வருகிறார்; பாவம் என்னும்போது தூய்மையின் முன் நிற்கிறோம்; குற்றம் என்னும்போது நீதிபதி ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறார். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் கடன்தான். பாவம் என்னும் பொருள்தரும் சொல்லை லூக்கா தம்முடைய வடிவத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் அடுத்த அடியிலேயே அவரும் ‘எங்களுக்குக் கடன்பட்டவர்களை’ என்ற கருத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே மத்தேயுவைப் பொறுத்தவரையில், அம்மாவின் கறுப்பு வேதாகமம் மூலத்தை அச்சொட்டாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிய மொழிபெயர்ப்பாளர்கள், ‘கடன்’ என்றால் வாசகர் பணத்தை நினைத்துவிடுவார் என்று கருதி விளக்கத்தையே வரியாக வைத்திருக்கலாம். அந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. பணத்தை நினைத்துத்தான் ஆகவேண்டிய மக்கள் நாங்கள்.

எங்கள் முன்னோர் கடலைக் கடந்து இந்த மலைகளுக்கு வந்ததே கடனில்தான். ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பேரேட்டில் ஏறின. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவனுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ அவனுக்கு வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கட்டிய தொகை புதிய கடனாக அவன் தலையில் ஏறும். 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அப்பாயி அதற்குப் பிறகு பிறந்தவர். இருந்தாலும் தன் தகப்பனின் துண்டைப் பற்றி நேற்று நடந்ததுபோலப் பேசுவார். எழுத்தறியாத அந்தக் கத்தோலிக்கக் கிழவி, ஜெபத்தில் ‘பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று சொல்லிப் பழகியவர். ‘கடன்களை மன்னியும்’ என்று சொல்லும் வேதாகமம் ஒன்று தன் மருமகளின் பெட்டியில் வந்ததை அவர் அறிந்திருந்தாரா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை.

மீட்பு என்ற சொல்லும் இந்தக் கடன் பேரேட்டோடு சேர்ந்ததே. ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்று யோபு சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் ‘கோஎல்’. வறுமையால் நிலத்தை இழந்தவனுக்காகவும், தன்னையே விற்றுவிட்டவனுக்காகவும் முன்வந்து விலை கொடுத்து மீட்கவேண்டிய கடமையுள்ள நெருங்கிய உறவினனுக்கு அந்தப் பெயர். ரூத்தின் கதையில் போவாஸ் அப்படிப்பட்டவன். அங்கே பழைய மொழிபெயர்ப்பு ‘சுதந்தரவாளி’, அதாவது உரிமைக்காரன், என்று எழுதுகிறது. யோபுவிலும் ஏசாயாவிலும் அதே சொல் ‘மீட்பர்’ ஆகிறது. இரண்டும் தவறல்ல. ஆனால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததில், கடவுளை எபிரேயர் தங்கள் உறவுக்காரர் என்று அழைத்தார்கள் என்ற செய்தி தமிழ் வாசகரிடமிருந்து நழுவிப்போயிற்று. ‘மீட்பர்’ என்று கேட்கும்போது மேலிருந்து இறங்கும் வல்லமையான ஒருவரை நினைக்கிறோம். துண்டிலே எழுதியிருக்கும் தொகையைத் தன் மடியிலிருந்து எடுத்து வைத்து, ‘இது என் அக்காள் பிள்ளை, நான் கூட்டிப் போகிறேன்’ என்று, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கும் தாய்மாமனை யாரும் நினைப்பதில்லை. எபிரேயச் சொல் காட்டுவது அந்தத் தாய்மாமனையே.

ரூத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து, 1715க்குள் அச்சிட்டும் விட்டார். பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் வரைக்குமே வந்தார், 1719இல் இறந்துவிட்டார். மிகுதியைச் சூல்ச் என்பவர் முடித்தார். அந்த முதல் மொழிபெயர்ப்பாளருடைய கை கடைசியாக நின்ற நூல் ரூத் என்பதை வாசித்தபோது, முன்பின் அறியாத அந்த மனிதரிடம் எனக்கு ஒரு நெருக்கம் உண்டாயிற்று.

சீகன்பால்கு கடவுளுக்குப் பயன்படுத்திய பெயர், கத்தோலிக்கர் ஏற்கெனவே வழங்கிவந்த ‘சருவேசுரன்’. எல்லாவற்றுக்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதாகமத்தை மறுபடியும் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பாதிரியார் அதை விட்டு ‘பராபரன்’ என்று எழுதினார். தாயுமானவர் ‘பராபரமே’ என்று உருகி அழைத்த அதே நூற்றாண்டு அது. தாயுமானவரின் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வேதாகமத்தில் அது ‘அன்’ விகுதி பெற்று ஆணாயிற்று. பிறகு யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்தைத் தம் உயிராக எண்ணிய ஒருவர் கிறிஸ்தவ வேதத்தின் தமிழைச் செப்பம் செய்துகொடுத்தார் என்பது, நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் இன்னும் நன்றியோடு நினைவுகூர வேண்டிய ஒரு காரியம். பேர்சிவலின் மொழிபெயர்ப்பு பரவலாக ஏற்கப்படவில்லை. பவர் பாதிரியாரின் தலைமையில் 1871இல் நிறைவேறிய ஐக்கிய மொழிபெயர்ப்பே நிலைத்தது. அம்மாவின் கறுப்பு வேதாகமம் அதன் வழிவந்தது. அதில் கடவுள் ‘தேவன்’. எபிரேயரின் நான்கெழுத்துத் திருப்பெயர் வரும் இடங்களில் ‘கர்த்தர்’. 1995இன் மொழிபெயர்ப்பில் இவை ‘கடவுள்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் ஆயின.

இந்தப் பெயர்மாற்றங்கள் வெறும் நடைமாற்றங்கள் என்று என்னால் எண்ணமுடியவில்லை. ‘தேவன்’ என்றால் ‘தேவி’ என்ற இணையும் ‘தேவர்கள்’ என்ற பன்மையும் தாமாகவே காதில் ஒலிக்கின்றன. பலருள் ஒருவர், அவர்களுள் ஆண் என்ற நிறம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘கடவுள்’ என்ற சொல்லுக்கு ஆண்பால் விகுதி கிடையாது. தொல்காப்பியம் முதல் தமிழில் இருந்துவரும் அச்சொல்லில் தாயையும் தகப்பனையும் சேர்த்து நினைக்க இடமுண்டு. கர்ப்பத்தின் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயாவில் சொல்பவர், அந்த இடத்தில் ‘தேவன்’ என்பதைவிடக் ‘கடவுள்’ என்ற பெயருக்கே பொருந்தி வருவதாக எனக்குத் தோன்றுகிறது.

‘ஆண்டவர்’ விடயத்தில் என் மனம் அவ்வளவு எளிதாக இசையவில்லை. யூதர் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்க அஞ்சி ‘என் தலைவர்’ என்று வாசித்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பும் அவ்வழியே போயிற்று. ஆக, ‘ஆண்டவர்’ மரபுக்குப் பொருந்திய சொல்தான். ஆனால் ‘ஆள்’ என்னும் அதே வேரிலிருந்தே ‘ஆண்டை’யும் வருகிறது. தஞ்சையிலும் திருச்சியிலும் ஆண்டையின் வயலில் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள், இங்கே வந்து தோட்ட நிர்வாகியான தொரையின் முன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ‘ஆண்டவரே’ என்று சொல்லும்போது, அந்த நிலையும் நிற்கும் விதமும் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. எங்கள் தோட்டத்தில் சின்ன வயதில் நான் கண்ட ஜெபங்களில் பெரும்பாலானவை மனு எழுதிக் கொடுக்கும் தோரணையில் இருந்தன. தவறு செய்தால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுவார், நல்லபடி நடந்தால் பார்த்துக்கொள்வார், நேரில் போய்ப் பேசமுடியாது, கணக்கப்பிள்ளை மூலமாகத்தான் போகவேண்டும் என்று தொரையைப் பற்றி எண்ணியிருந்ததையெல்லாம் நாங்கள் கடவுளைப் பற்றியும் எண்ணியிருந்தோம்.

இதில் பெயரைவிட ஆழமாக வேலை செய்தது நீ, நீர், நீங்கள் என்ற வேறுபாடு. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருவரை நோக்கிப் பேசும்போது முன்னிலையில் மரியாதைப் படிகள் இல்லை. அரசனுக்கும் அடிமைக்கும் கடவுளுக்கும் பிள்ளைக்கும் அதே சொல். தமிழில் வாயைத் திறந்த உடனேயே எதிரில் இருப்பவர் மேலா கீழா என்று தீர்மானித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள், மேலே போகும் பேச்சுக்கு ‘நீர்’, கீழே வரும் பேச்சுக்கு ‘நீ’ என்று வைத்தார்கள். மூலத்தில் இல்லாத ஒரு படிக்கட்டு இப்படி வேதாகமத்தின் பக்கந்தோறும் எழுந்துவிட்டது. அப்பாயி மட்டும் அந்தப் படிக்கட்டில் ஏறியதே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ‘சாமீ, நீ பாத்துக்க’ என்றுதான் சொல்வார். மரியாதை தெரியாத பேச்சு என்று உறவினர்கள் சிலர் நினைத்தார்கள். அவர் வாசிக்கத் தெரியாத வேதாகமத்தின் மூலமொழி இலக்கணத்துக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பொருத்தமாயிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

யோவான் நான்காம் அதிகாரத்தில், சமாரியப் பெண் கிணற்றுக்கு வருகிற பகுதியை இரண்டு வேதாகமங்களிலும் அடுத்தடுத்து வாசித்தால் இந்தக் காரியம் வெட்டவெளிச்சமாகும். பழையதில் ‘ஒரு ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்தாள்’. இயேசு அவளிடம் ‘தாகத்துக்குத் தா’ என்கிறார். புதியதில் ‘சமாரியப் பெண் ஒருவர் தண்ணீர் மொள்ள வந்தார்’. இயேசு அவரிடம் ‘குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்’ என்கிறார். கிரேக்கத்தில் இருக்கும் ஏவல்வினை இந்த இரண்டுக்கும் இடம் தரும். ஆனால் தமிழில் இவை இரண்டு வேறு கிறிஸ்துக்கள். முதலாமவர் கேட்கிறார், ஆனால் கட்டளையிடும் இடத்திலிருந்து கேட்கிறார். இரண்டாமவர் தாகத்தோடு ஒரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து, அவருக்குரிய மரியாதையைக் கொடுத்துக் கேட்கிறார்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அந்த முப்பது ஆண்டுகளிலும் மலையில் அவரை யாரும் ‘நீங்கள்’ என்று அழைத்ததாக எனக்கு நினைவில்லை. ‘ஏய்’, ‘நீ’, ‘வா’, ‘போ’, கூடை நிறையாத நாளில் அதற்கும் கீழான சொற்கள். அவருக்குப் பார்வை மங்கிய பிறகு, மாலையில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். தன் தகப்பனின் வேதாகமத்தைத் தவிர வேறெதையும் கேட்க விரும்பாதவர் அவர். ஒரு நாள் அவரிடம் சொல்லாமலே அப்பாவின் திருவிவிலியத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தேன். ‘பெண் ஒருவர் வந்தார்’ என்றதும், ‘யாரு வந்தாரு?’ என்று கேட்டார். ‘தண்ணீர் மொள்ள வந்த பொம்பளைதான் அம்மா’ என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்தப் பொம்பளைக்கா இந்த மரியாதை’ என்றார். பிறகு, ‘திரும்ப வாசி’ என்றார்.

மரியாதை விகுதிகளை எல்லாருக்கும் பரப்பிவிட்டால் போதும் என்றோ, பழைய மொழிபெயர்ப்பு நம்மைக் கெடுத்துவிட்டது என்றோ நான் சொல்லவரவில்லை. பழையதில் ஓர் இடம் இருக்கிறது. பிலிப்பியரில், கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி ‘அடிமையின் ரூபமெடுத்து’ மனுஷர் சாயலானார் என்று அது எழுதுகிறது. அங்கே கிரேக்கத்தில் நிற்கும் அதே சொல்லைத்தான் பவுல் உரோமருக்கு எழுதும்போது முதல் அடியிலேயே தமக்கு வைத்துக்கொள்கிறார். அங்கே பழையது ‘ஊழியக்காரன்’ என்கிறது, புதியது ‘பணியாளன்’ என்கிறது. பவுலுக்கு அந்தச் சொல் மென்மையாக்கப்பட்டது, கிறிஸ்துவுக்கு மென்மையாக்கப்படவில்லை. இன்று எங்கள் நகரங்களில் ஊழியக்காரர் என்றால் ஒலிவாங்கி பிடித்து மேடையில் நிற்கும் மதிப்புக்குரியவர். அடிமை என்றால் என்ன என்பது லயங்களில் இன்னும் எல்லாருக்கும் தெரியும். கடவுள் தம் இயல்பைக் காட்டத் தேர்ந்துகொண்ட வடிவம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஓர் இடத்திலாவது மறைக்காமல் விட்டார்கள். அதற்காக அவர்களை வணங்குகிறேன்.

ஆவியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழில் ‘ஆவி’ அஃறிணை. பழைய மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே ‘தேவ ஆவியானவர் அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்று அதை ஆளாக்கிவிடுகிறது. புதியது அதே இடத்தில் ‘கடவுளின் ஆவி அசைந்தாடிக் கொண்டிருந்தது’ என்று விட்டுவைக்கிறது. எபிரேயச் சொல்லுக்கு மூச்சு, காற்று என்ற பொருள்களும் உண்டு. இலக்கணத்தில் அது பெரும்பாலும் பெண்பால். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டைத் தெளிவாக்க ‘ஆனவர்’ உதவுகிறது என்பது உண்மை. ஆனால் விடியற்காலையில் மலைச்சரிவில் பனிமூட்டம் எழும்புவதையும், சாயத்தண்ணிக் கோப்பையிலிருந்து ஆவி பறப்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, மூச்சும் காற்றும் உயிரும் ஒரே சொல்லில் அடங்கிய அந்தப் பழந்தமிழ் ‘ஆவி’, விகுதி எதுவும் சேராமலே எபிரேயத்தின் அருகில் நிற்பதாகத் தெரிகிறது.

இப்போது யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு வருகிறேன். எரிகிற முட்செடியின் முன் மோசே கடவுளின் பெயரைக் கேட்கிறான். பழையதில் விடை: ‘இருக்கிறவராக இருக்கிறேன்’. புதியதில்: ‘இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே’. இரண்டுமே நிகழ்காலத்தில், அசையாத ஓர் இருப்பைச் சொல்கின்றன. இதற்கு வழி திறந்தது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு; அது ‘இருப்பவர் நானே’ என்று பெயர்த்தது. அந்த ஒரு சொற்றொடரின்மேல், கடவுள் மாறாத தூய இருப்பு என்னும் கோட்பாட்டை நூற்றாண்டுக்கணக்காகக் கிறிஸ்தவ அறிஞர் கட்டி எழுப்பினார்கள். எபிரேயத்தில் அந்த வினை ‘எஹ்யே’. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், பார்வோனிடம் போவதற்கு நான் எம்மாத்திரம் என்று மோசே தயங்கும்போது, கடவுள் ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்கிறார். அங்கே நிற்பதும் அதே ‘எஹ்யே’. பன்னிரண்டாம் வசனத்தில் ‘இருப்பேன்’ என்று எழுதிய கை, பதினான்காம் வசனத்தில் ‘இருக்கிறேன்’ என்று மாற்றி எழுதியிருக்கிறது. எபிரேய வாசகரின் காதில் விழும் எதிரொலி நம் காதில் விழுவதில்லை. ‘இருப்பவனாக இருப்பேன்’ என்று வைத்திருந்தால், பெயரைக் கேட்டவனுக்குக் கடவுள் முன்பு சொன்ன வாக்கையே பெயராகக் கொடுத்தார் என்பது ஒரு சிறு பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டு அரசுகளும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போயின. அப்பாயியின் தங்கையும் அப்படிப் போனவர். பிறகு அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மாறாத தூய இருப்பு என்ற கோட்பாடு அந்த இரண்டு பெண்களுக்கும் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ‘உன்னோடே இருப்பேன்’ என்ற வாக்கு அவர்கள் இருவருக்கும் வேண்டியிருந்தது.

போன மாதம் அம்மாவுக்கு அந்த அதிகாரத்தை அவருடைய கறுப்பு வேதாகமத்திலிருந்து வாசித்து, இந்த இரண்டு வசனங்களின் காரியத்தையும் எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். எபிரேயம் என்ற பெயர் அவருக்குப் பழக்கமானதே. அந்த மொழி எப்படி இருக்கும் என்பதில் அவருக்கு அக்கறையில்லை. ‘அப்ப ரெண்டு எடத்துலயும் ஒரே வார்த்தையா?’ என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பென்சில் இருக்கிறதா என்று கேட்டு, பதினான்காம் வசனத்தின் ஓரத்தில் ‘இருப்பேன்’ என்று எழுதிவைக்கச் சொன்னார். தாத்தாவின் வேதாகமத்தில் அதுவரை யாரும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. எழுதி முடித்ததும், தட்டிலிருக்கும் மற்ற வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ‘அப்பாவுக்கும் எழுதிவை’ என்றார்.